மதிலில் ஒரு படலை

டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிற ஒரு பெரிய குசினியில் நான் ஆறு வருஷம் வேலை செய்தேன். குசினி என்றுதான் சொன்னோம், ஆனால் எங்கள் பகுதியில் நின்றவர்கள் அடுப்பைக் கண்ணாலும் கண்டதில்லை. அது குளிர்ப்பகுதி. ஓகஸ்ட் வெயிலில் வியர்த்து ஒழுகிக்கொண்டு பஸ்ஸால் இறங்கிப் போய், ஜாக்கெட்டைப் போட்டு, அதற்குமேல் வெள்ளை அங்கி, தலைக்கு வலை, கைக்கு உறை எல்லாம் மாட்டிக்கொண்டு, தட்டுகளைச் சுமந்து ஓடுகிற பட்டிக்கு முன்னால் நிற்க வேண்டும். தட்டு வரும். பாண் ஒன்று, பட்டர் ஒன்று, சலாட் ஒன்று, கேக் துண்டு ஒன்று. யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பித்த ரீச்சர் கடல் கடந்து வந்து பட்டர் வைக்கிறாள் என்று என்னை நானே பகிடி பண்ணிக்கொள்வேன். ஆனாலும் வாழ்க்கையில் எந்தக் காலத்துக்குத் திரும்பிப் போக விருப்பம் என்று இன்றைக்கு யாராவது கேட்டால், யோசிக்காமல் அந்தக் குளிருக்குள் போய் நிற்பேன். காரணம் பட்டியின் மறுபக்கத்தில் நின்ற ஒரு சீனப் பெண்.

அவளை முதலில் கண்டது பிரெஞ்சு வகுப்பில். புதிதாக வந்தவர்களுக்கு அரசாங்கம் நடத்துகிற வகுப்பு அது. நான் மொன்றியலுக்கு வந்து மூன்று வருஷமாகியிருந்தது, அவள் பீஜிங்கிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். அக்காவை உங்கள் மொழியில் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று முதல் கிழமையே கேட்டாள். சொன்னேன். நானும் கேட்டேன், ஜியேஜியே என்றாள். அன்றிலிருந்து அவள் என்னை அக்கா என்றாள், நான் அவளை ஜியேஜியே என்றேன். இரண்டு பேருக்குமே தான்தான் இளையவள் என்ற நினைப்பு. பிறகு வேலைக்கு அட்டை எடுக்கப் போன இடத்தில் பிறந்த திகதிகளைப் பார்த்தேன். நான்தான் நான்கு மாதம் மூத்தவள். அதை அவளுக்குச் சொல்லவேயில்லை.

எங்கள் பிரெஞ்சைக் கேட்டால் கியூபெக் சனத்துக்குத் தலை சுற்றும். நேற்று நடந்ததையும் நாளைக்கு நடக்கப்போவதையும் இன்றைக்கு நடப்பதாகத்தான் சொல்லுவோம். ஆனால் எங்களுக்குள் விளங்காமல் போனது ஒன்றுமில்லை. மாமியார் கதை, மேற்பார்வையாளரின் மூக்கு, பிள்ளை பிறந்தால் பகலில் விட எந்த கார்தறி நல்லது, அங்கே எந்த ஆயா பிள்ளைகளுக்குக் கத்துவாள், எல்லாம் அந்த அரைகுறை மொழியில்தான். லியோனெல்-குரூ மெற்றோ வாசலில் அவள் எனக்காக நிற்பாள். அங்கிருந்து டோர்வல் பஸ். கண்ணாடிப் பக்கத்து இருக்கை ஒருநாள் அவளுக்கு, ஒருநாள் எனக்கு. சேர்ந்து போன நாட்களில் அந்த முறையை நாங்கள் ஒருநாளும் குழப்பியதில்லை.

மத்தியானச் சாப்பாடு மாற்றிச் சாப்பிடுவது எங்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. என்னுடைய இடியப்பமும் சொதியும் அவளுக்கு, அவளுடைய அவித்த முட்டைக் களியும் சோறும் எனக்கு. சம்பலைக் கண்டால் அவளுக்குக் கண் விரியும். உறைப்பில் மூக்கு ஓடும், துடைத்துத் துடைத்துச் சாப்பிடுவாள். எங்கள் ஆட்கள் சிலர் என்னைக் கேலி செய்தார்கள், சீனத்திக்குத் தீனி போட்டு வளர்க்கிறாய் என்று. பொறாமை என்று விட்டுவிட்டேன்.

அவளுடைய அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் முடிவெட்டுகிறவர். பீஜிங்கின் பழைய பகுதியில், பெரிய தெருவை ஒட்டிய ஒரு ஒழுங்கைக்குள் சின்னக் கடை. ஒரு கதிரை, ஒரு கண்ணாடி. மனைவி இறந்துவிட்டார், பிள்ளை என்று இவள் ஒருத்திதான். எழுபது வயதிலும் கை நடுங்காது என்று பெருமையாகச் சொல்லுவாள். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு மாசியில் இவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பேரனின் முதல் முடியைத் தானே வந்து வெட்டுவதென்று கிழவர் ஒற்றைக்காலில் நின்றார். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தார். இங்கே இவள் அழைப்புக் கடிதம் தயாரித்து, புவாண்ட்-கிளேர் பக்கத்துக் கடை ஒன்றில் தடிப்பான குளிர்கோட் ஒன்றும் வாங்கி வைத்திருந்தாள். என் கணவர் அந்தப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்ததால் அவர்தான் எங்களைக் காரில் கொண்டுபோனார். கோட்டின் அளவு சரியா என்று பார்க்க, கடையில் என் கணவருக்கே அதைப் போட்டுப் பார்த்தோம். ஆனி மாதத்தில், சனம் எல்லாம் பார்க்க, வேர்த்துக்கொண்டு நின்றார் பாவம்.

அந்த வருஷம்தான் பீஜிங்கில் ஒலிம்பிக். நகரத்தை வடிவாக்குகிறோம் என்று வெளிக்கிட்டார்கள். விருந்தாளிகள் போகிற தெருக்களில் பழைய வீடும் கடையும் கண்ணில் படக்கூடாதென்று உயரமான மதில் கட்டினார்கள். கிழவரின் ஒழுங்கையும் ஒரு மதிலுக்குப் பின்னால் போய்விட்டது. மதிலின் தெருப்பக்கத்தில் பூக்கள் வரைந்திருந்தார்களாம். உள்பக்கத்தில் வெறும் கல். கடைக்கு வருகிற கிழவர்கள் சுற்றிவளைத்து அரைமணி நேரம் நடக்க வேண்டும். பாதிப்பேர் வராமல் விட்டார்கள். அவர் ஊர்க் குழுவிடம் போனார், நகரசபையிடம் போனார். மதிலை உடைக்கச் சொல்லவில்லை. விளையாட்டு வேண்டாமென்றும் சொல்லவில்லை. அவருக்கு ஒலிம்பிக் என்றால் ஆசை, ரி.வி.யில் நீச்சல் போட்டி ஒன்றையும் விடமாட்டார். அவர் கேட்டது மதிலில் ஒரு கதவு மட்டும்தான்.

அவள் கதவு என்று பிரெஞ்சில் சொன்னதை நான் உடனே படலை என்று எடுத்துக்கொண்டேன். வேலி அடைத்தவன் படலை வைக்காமல் போனால் எங்கள் ஊரில் விடுவார்களா? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தச் சொல்லை அவளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். பிறகு எங்கள் கதையில் அது படலையாகவே ஆகிவிட்டது. "இன்றைக்கும் அப்பாவுக்குப் படலை இல்லை" என்று பிரெஞ்சுக்கு நடுவில் சொல்லுவாள்.

இனி என் பெருமையைச் சொல்கிறேன், அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். வகுப்பில் பிரெஞ்சு எழுதுவதில் முதலாவதாக வந்ததால் எங்கள் ஆட்களின் சங்கத்தில் எனக்கொரு மதிப்பு இருந்தது. ஊரில் சண்டை இறுகிக்கொண்டிருந்த காலம். இங்கே ஊர்வலம் போக வேண்டுமென்றால் பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும், பூங்காவில் கூடுவதற்கு நகரசபையில் அனுமதி எடுக்க வேண்டும். சங்கத்தின் செயலாளர் அண்ணை என்னைக் கூட்டிக்கொண்டு போவார். தாளை நிரப்புகிறவள் நான். எத்தனை பேர் வருவீர்கள், எந்தத் தெருவால் போவீர்கள், குழந்தைகள் வருவார்களா, தள்ளுவண்டிகள் இருக்குமா என்றெல்லாம் பொலிஸ்காரர் கேட்டார். தண்ணீர் கொண்டுவாருங்கள், அன்றைக்கு வெயில் என்றார். அரசாங்கத்தை எதிர்த்துக் கத்தப்போகிற எங்களுக்குத் தாகம் எடுக்குமே என்று ஒரு பொலிஸ்காரன் யோசிக்கிறான். அன்றைக்கு வீட்டுக்கு வரும்வரை எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. அதற்குப் பிறகு பேரையும் விலாசத்தையும் ரெலிபோன் இலக்கத்தையும் எழுதிக் கையெழுத்து வைப்பது எனக்கு ஒரு சந்தோஷமாகவே ஆகிவிட்டது. அனுமதிக்காரி என்று என்னைப் பட்டம் தெளித்தார்கள்.

ஒலிம்பிக்குக்குக் கொஞ்ச நாள் முன்பு செய்தி வந்தது. பீஜிங்கில் சில பூங்காக்களை ஒதுக்கியிருக்கிறார்களாம். குறை உள்ளவர்கள் முன்கூட்டியே பொலிஸில் அனுமதி கேட்டால், அங்கே நின்று தங்கள் எதிர்ப்பைக் காட்டலாமாம். நான் அதை மெற்றோவில் கிடைக்கிற இலவசப் பத்திரிகையில் வாசித்தேன். வெட்டி எடுத்து, செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு முன்னால் விரித்தேன்.

"அப்பாவைப் போகச் சொல். நான் செய்கிற மாதிரித்தான். பேர், விலாசம், என்ன கேட்கிறார், எத்தனை பேர், எழுதிக் கொடுக்க வேண்டும். முறையாகக் கேட்டால் தருவார்கள்."

அவள் தாளை நெடுநேரம் பார்த்தாள். "அப்பா ஒரு ஆள்தான்" என்றாள்.

"ஒரு ஆள் என்று எழுதச் சொல். ஒரு காட்போட் மட்டை பிடிக்கட்டும். படலை வேண்டும் என்று எழுதட்டும், வேறு ஒன்றும் வேண்டாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கிழவர் மட்டை பிடித்துக்கொண்டு பூங்காவில் நிற்பதை நினைத்து இரண்டு பேரும் சிரித்தோம். நானோ ரீச்சர், சொல்லிக்கொடுப்பதென்றால் விடமாட்டேன். பேரைத் தெளிவாக எழுத வேண்டும், கொடுத்ததற்கு ஒரு துண்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுவரைக்கும் சொன்னேன்.

மறுநாள் அவளுக்கு லீவு. பின்னேரம் நான் வேலை முடிந்து வந்து, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கணவருக்கு இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பேரும் விலாசமும் எழுதிக் குடுக்கச் சொன்னனீரோ?"

"ஓம். அதிலை என்ன?"

"ஆரிட்டை? பொலிஸிட்டையோ?"

நான் ஓமென்று தலையாட்டினேன்.

"உமக்கு இஞ்சை வந்து எட்டு வரிசத்திலை எல்லாம் மறந்து போச்சுதப்பா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு ஆறியிருப்பேன்.

எனக்கா தெரியாது? தொண்ணூறுகளின் கடைசியில், யாழ்ப்பாணம் இராணுவத்தின் கையில் இருந்தபோது, நான் ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. பெரிய விளையாட்டு விழா ஒன்று வைக்கச் சொன்னார்கள். வெளிநாட்டுத் தூதர்களும் பத்திரிகைக்காரரும் ஹெலிகொப்டரில் வருவார்கள், எல்லாம் வழமைக்குத் திரும்பிவிட்டது என்று பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தின் தெருப்பக்கத்துச் சுவருக்கு மட்டும் வெள்ளை அடித்தார்கள். பின்பக்கத்தில் துப்பாக்கிச் சன்னம் பட்ட ஓட்டைகள் அப்படியே இருந்தன. மூன்று கிழமை பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி பழக்கினேன். முன்வரிசைக்கு வடிவாகச் சிரிக்கிற பிள்ளைகளைத் தெரிவு செய்தவள் நான். அதில் ஒரு பிள்ளையின் தகப்பனைப் பிடித்துக்கொண்டு போய் நான்கு மாதமாகியிருந்தது. தெரிந்துகொண்டே நிறுத்தினேன், அவளுக்கு அவ்வளவு வடிவான பல். படம் கொழும்புப் பத்திரிகையில் வந்தது. தகப்பன் வரவில்லை. அவர் என்ன செய்தார்? மீன்பிடி அனுமதிக்குப் பேர் பதியப் போனார், அவ்வளவுதான். அந்த நாட்களில் எங்கள் அம்மா சொல்லுவார், பேர் எழுதச் சொன்னால் பேனை இல்லையென்று சொல்லிப்போட்டு வா என்று. இதெல்லாம் தெரிந்த நான்தான் ஒரு கிழவரைப் பேனையும் கையுமாக அனுப்பினேன்.

உடனே அவளுக்கு ரெலிபோன் எடுத்தேன். அப்பாவை அவசரப்பட வேண்டாமென்று சொல்லத்தான் எடுத்தேன். நான் வாயைத் திறக்குமுன் அவள் சொல்லத் தொடங்கிவிட்டாள். செவ்வாய் இரவே அப்பாவுக்குச் சொல்லிவிட்டாளாம். அவர்களுக்கு அது புதன் காலை. கிழவர் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் போய்விட்டாராம்.

"நல்ல மரியாதை, அக்கா. கதிரை கொடுத்தார்கள், தேநீர் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் எழுதி எடுத்தார்கள். சனிக்கிழமை காலை வந்து பதிலை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா உனக்கு நன்றி சொன்னார்."

அந்தக் குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. இப்போது சொல்ல வேண்டியதுதானே? பதில் வாங்கப் போக விடாதே, கொஞ்ச நாளைக்கு வேறு எங்காவது போய் இருக்கச் சொல் என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும். நான் சொல்லவில்லை. சீனா யாழ்ப்பாணம் இல்லை என்று நினைத்தேன். உலகத்துக் கமெரா எல்லாம் அங்கே இருக்கிறது, ஒரு முடிவெட்டுகிற கிழவரை என்ன செய்வார்கள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு வெட்கம். நேற்று ரீச்சர் மாதிரிப் படிப்பித்துவிட்டு, இன்றைக்கு நான் சொன்னது பிழை என்று சொல்ல வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடக்க விழா. அங்கே இரவு, இங்கே காலை. எங்கள் குசினியில் சீனத்து ஆட்கள் நிறையப்பேர் இருந்தபடியால், அன்றைக்கு இடைவேளையை முன்னுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு அறை ரி.வி.யைப் போட விட்டார்கள். வெள்ளை அங்கியும் தலைவலையுமாக நாற்பது ஐம்பது பேர் நின்றபடியே பார்த்தோம். ஆயிரக்கணக்கான ஆட்கள் ஒரே நேரத்தில் மேளம் அடித்தார்கள். ஒரு கைகூடப் பிந்தவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கன்னத்தால் கண்ணீர் ஓடுகிறது, துடைக்கவில்லை. எனக்கு அந்த மேளக்காரர்களின் முகங்கள்தான் தெரிந்தன. அந்தச் சிரிப்பை வரவைக்க எத்தனை நாள் பழக்கியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் பழக்கியவள்தானே. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், எனக்கும் மெய் சிலிர்த்தது. வடிவு என்பது வடிவுதான், யார் செய்வித்தாலும். பாட்டுப் பாடிய பிள்ளை வேறு, மேடையில் நின்று வாயசைத்த பிள்ளை வேறு என்று சில நாள் கழித்துத் தெரியவந்தது. அன்றைக்கு அது ஒருவருக்கும் தெரியாது.

"அப்பா இன்றைக்கு இரவு நித்திரை கொள்ளமாட்டார்" என்றாள் அவள், ரி.வி.யை விட்டுக் கண் எடுக்காமல். "நாளைக் காலை பதிலுக்குப் போகிறார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போகப்போகிறாராம்."

என் கை அவளுடைய கைக்குள் இருந்தது. இன்னும் நேரம் இருந்தது, அங்கே விடிய மணித்தியாலங்கள் கிடந்தன. "நல்லது" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ரெலிபோன் எடுக்கவில்லை. திங்களும் எடுக்கவில்லை. செவ்வாய் பக்கத்துக் கடைக்காரர் அவளுக்கு எடுத்து, உன் அப்பா ஓய்வுக்குப் போயிருக்கிறார், கேட்காதே என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவள் வேலைக்கு வந்தாள். பட்டிக்கு முன்னால் நின்று பாண் வைத்தாள். ஒரு தட்டிலும் பிழை விடவில்லை. என்னை நிமிர்ந்து பார்க்கவுமில்லை. அடுத்த கிழமை மேற்பார்வையாளரிடம் கேட்டு, கரண்டி கட்டுகிற பகுதிக்கு மாறிப் போய்விட்டாள்.

மெற்றோ வாசலில் நிற்பதையும் நிறுத்திவிட்டாள். ஒரு பஸ் முந்தியே போனாள். நான் கண்ணாடிப் பக்கத்து இருக்கையில் தினமும் இருந்தேன், முறை பார்க்க ஆளில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் ஒரு மேசை, நான் ஒரு மேசை. ரி.வி.யில் ஓடுவதும் பாய்வதும் பதக்கம் வாங்குவதுமாகக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். தெருக்களைக் காட்டுவார்கள், பூ வரைந்த மதில்களைக் காட்டுவார்கள். எந்த மதிலுக்குப் பின்னால் என்று நான் தேடிக்கொண்டிருப்பேன். இடியப்பத்தைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோவேன். அந்த நாட்களில் நான் பட்ட பாட்டை என் கணவருக்குக்கூட முழுதாகச் சொல்லவில்லை.

விளையாட்டு முடிந்து இரண்டு கிழமையால் கிழவரை விட்டார்கள். நகரத்துக்கு வெளியே ஒரு விடுதியில் வைத்திருந்தார்களாம். அடிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி, உனக்கு இதைச் சொல்லித்தந்தது யார். தினமும் அவர் ஒரே பதில் சொன்னாராம், றேடியோவில் கேட்டேன், நானே யோசித்தேன் என்று. கடையைப் பூட்டிவிட்டார்கள். பாஸ்போர்ட் இல்லையென்று கடிதம் வந்தது, காரணம் எழுதவில்லை. இனி எப்போது கேட்டாலும் இல்லைதான் என்று அங்கே இருந்தவர் ஒருவர் வாயால் சொன்னாராம்.

இதை அவள் எனக்குச் சொன்னது ஒக்ரோபரில். மரத்து இலையெல்லாம் சிவந்து கொட்டிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் வந்து, என் மேசையில், எனக்கு எதிரே இருந்தாள். இரண்டு பெட்டி கொண்டுவந்திருந்தாள். ஒன்றை என் பக்கம் தள்ளினாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "நீ நல்லதுக்குத்தான் சொன்னாய். உனக்குத் தெரியாது" என்றாள்.

அதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அவளுடைய முட்டைக்களியை வாயில் வைத்துக்கொண்டு இன்னொரு பொய்யையும் விழுங்க எனக்கு முடியவில்லை. "எனக்குத் தெரியும்" என்றேன். புதன்கிழமையே தெரிந்துவிட்டது, ரெலிபோன் எடுத்தது அதற்குத்தான், வெட்கத்தில் சொல்லாமல் விட்டேன், வெள்ளிக்கிழமை உன் கையைப் பிடித்துக்கொண்டும் சொல்லாமல் விட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் பிரெஞ்சில் அது நேற்று நடந்ததா இன்றைக்கு நடக்கிறதா என்று தெரியாமல்தான் வந்திருக்கும்.

அவள் தன் பெட்டியின் மூடியை எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு "சாப்பிடு, ஆறுகிறது" என்றாள். மன்னித்தேன் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த திங்கள் மெற்றோ வாசலில் நின்றாள். கண்ணாடிப் பக்கத்து இருக்கையைக் காட்டி, நேற்றுவரை நீதானே இருந்தாய், இனி எனக்கு என்று போய் இருந்தாள். அந்தக் காலை முழுவதும் பஸ் கண்ணாடியில் அவள் தலை சாய்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டு போனேன். அவ்வளவு நிம்மதி எனக்கு அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை.

பேரனின் முதல் முடியை என் கணவர்தான் வெட்டினார். கிழவர் ரெலிபோனில் சொல்லச் சொல்ல, அவள் மொழிபெயர்க்க, நான் குழந்தையின் தலையைப் பிடித்துக்கொள்ள, என் கணவர் கைநடுங்க வெட்டினார். படத்தை அனுப்பினோம். இவனுக்குக் கத்தரிக்கோலே கொடுக்காதீர்கள் என்று கிழவர் சொன்னாராம். அதற்கு அவள் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

பிறகு இரண்டாயிரத்து ஒன்பது வந்தது. வன்னியில் என்ன நடந்தது என்று தமிழ் வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என் அண்ணாவின் குடும்பம் அதற்குள் இருந்தது. நாங்கள் நகர மத்தியில் நின்றோம், பனியில் நின்றோம், மழையில் நின்றோம். ஒவ்வொரு முறையும் தாளை நான்தான் நிரப்பினேன். பேர், விலாசம், எத்தனை பேர், எந்தத் தெரு. ஒவ்வொரு முறையும் அனுமதி கிடைத்தது. பொலிஸ்காரர்கள் தெருவை மறித்துத் தந்தார்கள். ஒரு ஞாயிறு அவள் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்து எங்களோடு நடந்தாள். எங்கள் கோஷம் அவளுக்கு வாயில் வரவில்லை, அக்கா, அக்கா என்று சொற்களை என்னிடம் கேட்டுக் கேட்டுக் கத்தினாள். மே மாதம் எல்லாம் முடிந்தது. அண்ணா வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நான் அழவில்லை. ஏனென்று எனக்குத் தெரியாது, பட்டியில் நின்று பட்டர் வைத்துக்கொண்டே இருந்தேன்.

யூனில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய அப்பா எடுத்தார். அவருடைய ரெலிபோனை வேறு யாரோ கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்ற பயம் இருந்தபடியால், தகப்பனும் மகளும் எதையும் நேராகக் கதைப்பதில்லை. கடைசியில் அவர் ஏதோ கேட்க, அவள் கையால் ரெலிபோனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அந்த அக்காவும் படலை கேட்டாளாமே, முறையாகக் கேட்டாளா என்று கேட்கிறார்."

"ஓம் என்று சொல்."

சொன்னாள். திரும்பப் பொத்தினாள். "சத்தம் போட்டுக் கேட்க விட்டார்களா என்கிறார்."

"விட்டார்கள். தெருவையே மறித்துத் தந்தார்கள் என்று சொல்."

அதையும் சொன்னாள். அந்தப் பக்கமிருந்து ஒரு சின்னக் கேள்வி. அவள் அதை மொழிபெயர்க்காமல் நின்றாள். எனக்கு விளங்கியது.

"இன்னும் பதில் வரவில்லை என்று சொல்" என்றேன்.

அவள் சொன்னாள். கிழவர் மெல்லிய குரலில் ஒரு வசனம் சொன்னார். அவள் ரெலிபோனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள்.

"பதிலை வாங்க அவளைப் போக வேண்டாம் என்று சொல் என்கிறார்."

தன் மகளிடம் நான் சொல்லாமல் விட்டதை அவர் எனக்குச் சொல்லிவிட்டார். என்னை அவர் ஒருநாளும் கண்டதில்லை, என் பேரும் அவருக்குத் தெரியாது. எனக்கு மே மாதம் முழுவதும் வராத அழுகை அப்போதுதான் வந்தது. இடைவேளை முடிந்து எல்லாரும் எழும்பிப் போனார்கள். அவள் என் தலைவலையைச் சரிசெய்துவிட்டு, மேற்பார்வையாளர் வந்து கூப்பிடும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.